நான்காம் தொகுதி

ஷார்ஜாவில் ஜூலை, காலை ஏழரை.
நூலகப் பின்வாசல் கைப்பிடியைத்
துப்பட்டா சுற்றித்தான் தொட முடிகிறது.
உள்ளே பதினெட்டு டிகிரி, புத்தகங்களுக்காக.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
எனக்குப் பேசத் தெரியாத மொழியைப்
பட்டியலிடுகிறேன்.

ஒன்பது வருஷத்தில் ஜெர்மனில் சேர்ந்தவை
பெயர்ச்சொற்கள் மட்டும்:
உப்பு, பாறை, முத்துச்சிப்பி, கடலடி, பின்னிணைப்பு.
அதில் ஒரு தேசத்தையே அடுக்கி வைப்பேன்,
ஒரு டீ கேட்க வராது.

ஆனாலும் முற்றிலும் அந்நியமில்லை.
சொல்லோடு சொல் ஒட்டிச் சரக்கு ரயிலாய் நீள்கையில்
எங்கே பிரிப்பது என்று தானாகத் தேடும்
பள்ளியில் புணர்ச்சி எழுதிய கை.
புள்ளிகள் வேறு.
நாம் மெய்யின் தலையில் ஒன்று வைக்கிறோம்,
அவர்கள் உயிரின் தலையில் இரண்டு.
பழைய கணினி எதையும் மதிக்காது,
எல்லாவற்றையும் கேள்விக்குறியாகத் துப்பும்.

மூன்று நூலகங்கள், ஒரு பக்க ஒப்பந்தம்.
எல்லாம் வாங்க எவரிடமும் பணமில்லை என்பதை
மரியாதையாக எழுதினால் ஒத்துழைப்பு.
இந்தக் கரையைப் பற்றி ஜெர்மனில் வருவது எதுவும்
ஒரே ஒரு பிரதி வந்தால் போதும்:
கல்லும் மண்ணும் எங்களுக்கு,
கடல் தோஹாவுக்கு,
மொழி, பயணம், குடிகள் மஸ்கட்டுக்கு.
கேட்டவருக்கு வண்டியில் போகும்.
அங்கே ரொவேனா, அங்கே ஷம்ஸா, இங்கே நான்.
முகம் பார்த்தது இரண்டு தடவை.

கோர்ஃபக்கானிலிருந்து வந்தார் ஒருவர்,
காதோரம் உப்பு காய்ந்து வெளுத்திருந்தது.
ஏழு தொகுதி ஆய்வில் நான்காவது வேண்டுமாம், பவளம்.
ஒன்று முதல் மூன்று எங்கள் அடுக்கில்.
ஐந்து முதல் ஏழு தோஹாவில்.
நான்கு?

"சுண்ணாம்புக் கல்தானே,
உங்களுடையது என்று விட்டுவிட்டேன்" என்றாள் ரொவேனா.
உயிராயிற்றே, உன்னுடையது என்று
நானும் விட்டிருந்தேன்.
இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நம்பினால்
நடுவில் விழும் பள்ளம்
சரியாக நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

பதிப்பில் இல்லை. பதிப்பாளரே இல்லை.
பிரெமனில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி,
எங்கள் மாத ஒதுக்கீட்டை விழுங்கும் விலை.
பாதிப் பாதி என்று நாங்கள் கணக்குப் போடுகையில்
குறுக்கே வந்தாள் ஷம்ஸா:
"பவளத்தைக் கழுத்தில் கட்டியது யார், மீனா?
குடிகள் என் பொறுப்பு.
மூன்றில் ஒன்றை என் கணக்கில் எழுதுங்கள்."

வந்தது.
முதல் பக்கத்தில் ஏதோ கல்லூரியின் ஊதா முத்திரை,
அதன்மேல் இன்னொரு முத்திரை.
அகராதி பார்த்தேன்: கழிக்கப்பட்டது.
ஜெர்மனில் நான் கற்ற முதல் வினை.

கோர்ஃபக்கான்காரர் நின்றபடியே புரட்டினார்.
பதினேழாம் படத்தில் விரல் வைத்தார்.
"இந்தத் திட்டில்தான் போன வாரம் இறங்கினேன்.
எலும்பு மாதிரி வெள்ளை" என்றார்.
மூன்று வாரம் வைத்திருந்து
உறை போட்டுத் திருப்பித் தந்தார்.

பதிவை இன்னும் முடிக்கவில்லை.
இருப்பிடம் என்ற கட்டம் ஓர் ஊரைத்தான் ஏற்கிறது.
பொருள் என்ற கட்டத்தில்
கல்லா, உயிரா என்று கேட்கிறது.
உயிர்மெய் என்று ஒன்று உண்டு எங்களிடம்,
இரண்டாம் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள்.
அடித்துப் பார்த்தேன்.
ஏழு கேள்விக்குறி.

இன்று தோஹாவிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.
பெட்டியைத் தூக்க குல்பாஸ் வந்தார்.
கையெழுத்து வாங்கினேன், எடை எழுதினேன்.
"திரும்ப இங்கேதானே கொண்டுவரணும்?"
எனக்கே தெரியாது.
வண்டியின் பின்பக்கம் ஏசி ஓடுகிறதா
என்று மட்டும் கேட்டேன்.